ஐந்நூறு மரக்கட்டைகள்: ஒரு நதியில் நடந்த முதல் பயணம்

வட இந்தியாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், ரிஷிகேஷ் போய் ராஃப்டிங் போகாதவர்கள் இப்போது குறைவுதான். சிவபுரியில் ஏறி, ராம் ஜூலா பக்கம் இறங்கி, நனைந்த துணியோடு சூடாக மேகி சாப்பிட்டு, போட்டோக்களை ஊரில் இருக்கும் அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் அனுப்பியிருப்போம். இரண்டு மூன்று மணி நேர விளையாட்டு. நம் ஒகேனக்கல் பரிசலுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. ஏழெட்டு நாள், காட்டு வழியாக, ரப்பர் படகிலேயே போகிற ஒரு பயணம் இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் சியாங் நதியில், டூட்டிங்கில் தொடங்கி பாசிகாட்டில் முடியும். சுமார் 180 கிலோமீட்டர். குவாஹாத்தியில் வேலை பார்க்கும் எனக்கு, அலுவலக வேலையாக பாசிகாட் போனபோதுதான் இது தெரிய வந்தது. முர்கோங்செலக் வரை ரயில், அப்புறம் ரோடு. ஆற்றங்கரையில் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்து, ஆனால் அவ்வளவு சந்தோஷம்.

அவர்களிடம் பேசிய பிறகு இந்த நதியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். படித்தவன், சரித்திரம் என் பாடம் கிடையாது. ஆனால் படிக்கப் படிக்க ஒரு பழைய கணக்கு கண்ணில் பட்டது. கணக்கு என்றால் விடமுடியாதே நமக்கு. இந்த நதியில் முதலில் பயணம் போனது யார் என்ற கணக்கு.

முதலில் நதி

பிரம்மபுத்திரா என்று நாம் பள்ளியில் படித்தோமே, அதற்குப் பல பெயர்கள். கைலாயத்துப் பக்கம் பிறந்து, திபெத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் ஓடும்போது அதன் பெயர் சாங்போ. அருணாசலத்துக்குள் வந்தால் சியாங். பாசிகாட்டைத் தாண்டி அசாமில் திபாங், லோஹித் நதிகளோடு சேர்ந்த பிறகுதான் பிரம்மபுத்திரா.

நடுவில்தான் விஷயம் இருக்கிறது. திபெத்தில் பே என்ற ஊருக்குப் பக்கத்தில் நதி ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. பாசிகாட் 155 மீட்டர்தான். இந்த இறக்கத்தின் பெரும்பகுதி நம்சா பர்வா (7,782 மீட்டர்), கியாலா பெரி (7,294 மீட்டர்) என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து, ஒரு ஊசி வளைவு மாதிரி திரும்பி வருவதற்குள் நடக்கிறது. உலகத்திலேயே மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வளைவுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியுலகத்துக்குத் தெரியாது. மேலே சாங்போ உள்ளே போகிறது. கீழே அசாமில் ஒரு பெரிய நதி வெளியே வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? இல்லை, சாங்போ பர்மாவின் ஐராவதிக்குப் போகிறதா? பெரிய பெரிய நிபுணர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மேலே இருந்து விழும் உயரத்தைப் பார்த்தால், உள்ளே நயாகரா மாதிரி ஒரு பெரிய அருவி இருக்க வேண்டும் என்று வேறு ஒரு நம்பிக்கை.

அளக்கப் போனவர்கள்

இங்கே நம் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவை அளக்கும் மாபெரும் வேலை 1802-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. லாம்ப்டன் என்ற அதிகாரி அங்கே போட்ட அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போய், அறுபது ஆண்டுகளுக்குள் இமயமலைக்கு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் போக முடியவில்லை. திபெத்துக்குள் வெள்ளைக்காரர்களுக்கு அனுமதி இல்லை.

அதனால் மலைநாட்டு இந்தியர்களுக்கே பயிற்சி கொடுத்து, வியாபாரி போலவும் யாத்திரிகர் போலவும் வேடம் போட்டு அனுப்பினார்கள். இவர்களைப் 'பண்டிட்டுகள்' என்பார்கள். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணிதான் இருக்கும். நூறு காலடிக்கு ஒரு மணி. ஜபச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதிலாகக் குறிப்புத் தாள். கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து ஊரின் உயரம் கண்டுபிடிப்பார்கள். நைன் சிங் 1866-ல் இப்படித்தான் லாசாவுக்குப் போய் அளந்தார். அவருக்குத் தங்கப் பதக்கமெல்லாம் கிடைத்தது.

நம் கதாநாயகர் நைன் சிங் இல்லை. கிந்தூப். சிக்கிமைச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு சர்வேயருக்குத் துணையாளாகப் போய், கியாலா வரை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

நாலு வருஷம்

1880-ல் சர்வே அதிகாரி கேப்டன் ஹர்மன் ஒரு யோசனை செய்தார். சாங்போவில் அடையாளம் போட்ட மரக்கட்டைகளை மிதக்கவிட வேண்டும். அசாமில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டை வந்து சேர்ந்தால் இரண்டும் ஒரே நதி. அவ்வளவுதான், வாதம் முடிந்தது. ஒரு லாமாவைத் தலைவராகவும், கிந்தூப்பை அவருக்கு வேலைக்காரராகவும் அனுப்பினார்.

லாமா ஒரு தினுசான ஆள். கையில் இருந்த பணத்தைச் செலவழித்தார். ஒரு கிராமத்தில் தங்கிய வீட்டுக்காரர் மனைவியோடு தொடர்பு வைத்துக்கொண்டு, நாலு மாதம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த விவகாரத்தைத் தீர்க்க 25 ரூபாய் கொடுக்க வேண்டி வந்தது. கடைசியில் 1881-ல் ஒரு கோட்டை அதிகாரியிடம் கிந்தூப்பை அடிமையாக விற்றுவிட்டு லாமா போயே போய்விட்டார்.

நினைத்துப் பாருங்கள். அந்த நிமிடத்தில் கிந்தூப்புக்கு எந்தக் கடமையும் இல்லை. தலைவர் ஓடிவிட்டார், பணம் இல்லை, தான் இப்போது ஒருவரின் சொத்து. தப்பித்தால் நேராக வீட்டுக்குத்தானே ஓட வேண்டும்?

1882-ல் தப்பினார். ஆனால் வீட்டுப் பக்கம் ஓடவில்லை. நதி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனார். பெமாகோ பகுதியில் மார்புங் என்ற மடத்துக்கு வந்தபோது துரத்தி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். மடத்துப் பெரியவரின் காலில் விழுந்தார். பெரியவர் 50 ரூபாய் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். எஜமானர் மாறினார், அடிமைத்தனம் மாறவில்லை.

சில மாதம் கழித்து, யாத்திரை போக வேண்டும் என்று லீவு கேட்டார். யாத்திரை என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய், ஒவ்வொன்றும் ஒரு அடி நீளத்தில் 500 கட்டைகள் வெட்டி, ஒளித்து வைத்தார். திரும்பி மடத்துக்கு வந்து வேலை செய்தார். ஆனால் எப்போது மிதக்கவிடப் போகிறோம் என்று ஹர்மனுக்குத் தெரிய வேண்டுமே? தெரியாமல் விட்டால் யார் பார்ப்பார்கள்?

மறுபடி லீவு. இந்த முறை லாசாவுக்கு நடந்தார். அங்கே வந்திருந்த சிக்கிம்காரர் ஒருவரைப் பிடித்து, தான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுத வைத்தார். திபெத்தியக் காலண்டரில் பத்தாவது மாதத்தில், இன்ன நாளிலிருந்து, தினம் 50 கட்டை வீதம் விடுவேன் என்பது சேதி. கடிதம் டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டது.

லாசாவிலிருந்தே டார்ஜிலிங்குக்குப் போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை. திரும்பி வந்து மடத்தில் இன்னும் ஒன்பது மாதம் உழைத்தார். அவருடைய பக்தியைப் பார்த்துப் பெரியவரே விடுதலை கொடுத்தார். 1883-ல், சொன்ன மாதத்தில், சொன்ன நாளில், நாளைக்கு ஐம்பதாகப் பத்து நாள், ஐந்நூறு கட்டைகளையும் ஆற்றில் விட்டார்.

கீழே யாரும் பார்க்கவில்லை. கடிதம் வந்து சேர வேண்டிய நேரத்தில் ஹர்மன் உடம்பு சரியில்லாமல் இந்தியாவை விட்டே போய்விட்டிருந்தார். 1883-லேயே இத்தாலியில் இறந்தும் போனார். ஐந்நூறு கட்டைகளும் பாசிகாட்டைத் தாண்டி, அசாமைத் தாண்டி, வங்காள விரிகுடாவுக்குப் போயிருக்க வேண்டும்.

கிந்தூப் நதியோடு இன்னும் கீழே நடந்து பார்த்தார். சமவெளிக்குச் சில பத்து மைல் தூரத்தில், அந்நியரை உள்ளே விடாத பழங்குடிகளின் பகுதியில் வழி அடைபட்டது. திரும்பி, லாசா வழியாக 1884-ல் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். நாலு வருஷம். அவர் வருவதற்குள் அம்மா இறந்துவிட்டிருந்தார். வெளியூரில் இருக்கும் நமக்கு இந்த ஒரு வரிக்கு விளக்கம் வேண்டியதில்லை.

சஸ்பென்ஸ் கணக்கு

அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகம் கிடையாது, எல்லாம் ஞாபகத்திலிருந்து. சாங்போ 150 அடி அருவியாக விழுகிறது என்று அந்தக் குறிப்பில் பதிவானது. நம்பியவர்கள் கொஞ்சம், நம்பாதவர்கள் நிறைய. படிப்பறிவில்லாத ஆள் சொன்னதுதானே!

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. பணம் வந்துவிட்டது, ஆனால் எந்தக் கணக்குக்கு என்று தெரியவில்லை என்றால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். பணம் பொய் இல்லை, எதிர்ப்பதிவுதான் இன்னும் கிடைக்கவில்லை. கிந்தூப்பின் நாலு வருஷமும் அப்படித்தான் கிடந்தது.

எதிர்ப்பதிவு கிடைக்க முப்பது வருஷம் ஆனது. 1911-ல் சியாங் பள்ளத்தாக்கில் வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கொல்லப்பட்டார். அதையடுத்து ராணுவம் அந்த மலைக்குள் நுழைந்தது. பின்னாலேயே சர்வேயர்களும் நுழைந்தார்கள். 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் பெமாகோவுக்குப் போய், கிந்தூப் சொன்ன ஊர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றே என்பதில் சந்தேகம் தீர்ந்தது. கிந்தூப் சொன்ன விவரங்கள் பெரும்பாலும் அப்படியே பொருந்தின.

அருவி? நதியில் இருந்தது 30 அடி உயரத்து அருவிதான். 150 அடி அருவி கியாலாவில் ஒரு சின்ன ஓடையில் விழுவது. கேட்டு எழுதியபோது இரண்டும் கலந்துவிட்டிருந்தன. கிளெரிக்கல் எர்ரர். ஆனால் அதற்கான கெட்ட பெயர் முப்பது வருஷமாக கிந்தூப் தலையில்.

பெய்லி திரும்பி வந்து கிந்தூப்பைத் தேடினார். டார்ஜிலிங்கில் தையல்காரராக இருந்தார். 1914-ல் சிம்லாவுக்கு வரவழைத்தார்கள். பென்ஷன் கொடுக்கச் சொல்லி பெய்லி வாதாடினார். எத்தனை காலம் இருப்பாரோ, எவ்வளவு ஆகுமோ என்று அரசாங்கம் தயங்கி, மொத்தமாக 1000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தது. கொஞ்ச நாளில் கிந்தூப் இறந்துபோனார். பென்ஷன் கொடுத்திருந்தால் அரசாங்கத்துக்கு இன்னும் மிச்சம் ஆகியிருக்கும். நம் தொழிலில் இப்படி நிறையப் பார்த்திருக்கிறோம் :-)

படகுகள் வந்தபோது

1924-ல் தாவரங்கள் சேகரிக்க வந்த கிங்டன் வார்ட், பள்ளத்தாக்கில் சில மைல் தவிர மற்றதையெல்லாம் பார்த்துவிட்டார். அந்த மிச்ச இடைவெளியில் பெரிய அருவி இல்லை என்று முடிவு கட்டினார்கள். 1998 நவம்பரில் இயன் பேக்கர் குழுவினர் உள்ளூர் வேட்டைக்காரர்கள் காட்டிய வழியில் இறங்கி, ஏறக்குறைய 100 அடி உயரத்தில் ஓர் அருவியைப் பார்த்தார்கள். அந்த வேட்டைக்காரர்களுக்கு அது எப்போதுமே தெரிந்த அருவிதான்.

அருவி கிடைப்பதற்கு முந்தைய மாதம்தான் இதே பள்ளத்தாக்குக்குள் படகுக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். ஒற்றை ஆள் உட்காரும் சின்னப் படகுகள். வாக்கர் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு. அதில் ஜேமி மெக்கீவன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். சாதாரண ஆட்கள் இல்லை. ஆனால் அந்த வருஷம் மழை அதிகம். அக்டோபரிலும் வெள்ளம் வடியவில்லை. அக்டோபர் 16-ம் தேதி டக் கார்டன் என்பவர், கரையோரம் ஒரு சின்ன இறக்கத்தில் படகை விட்டார். அது கவிழ்ந்து, நடு நீரோட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவே இல்லை. பயணத்தை அத்தோடு நிறுத்தினார்கள்.

2002-ல் ஸ்காட் லிண்ட்கிரென் தலைமையில் ஏழு பேர் வந்தார்கள். முந்தையவர்களின் விலை கொடுத்த பாடம் கையில் இருந்தது. மழையும் இல்லாத, பனியும் உருகாத பிப்ரவரியில் வந்தார்கள். நீர் குறைவு. அப்படியும் பல இடங்களில் படகைத் தோளில் தூக்கிப் பாறை ஏறி இறங்கினார்கள். மேல் பள்ளத்தாக்கை முதல்முறையாகப் படகில் கடந்தார்கள். அருவிகள் இருக்கும் உள்பகுதியில் இறங்காமல், பனி மூடிய கணவாய் ஏறிக் கடந்தார்கள். கூடவே சாமான் தூக்கி நடந்தவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

இன்றைய பயணம்

டூட்டிங்கில் தொடங்கும் சியாங் ராஃப்டிங், இந்தப் பள்ளத்தாக்குக்குக் கீழே, நம் எல்லைக்குள் நடப்பது. அங்கே அருவி இல்லை, ஆனால் தண்ணீரின் கனம் வேறு மாதிரி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சீசன். வெளிமாநிலத்தவர் என்பதால் நமக்கு இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம்.

எப்படிப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பாடு, கூடாரம் ஏற்றிய படகு தனி. ஆட்கள் படகில் ஆளுக்கொரு துடுப்பு, பின்னால் கைடு. முன்னால் ஒரு கயாக்காரர், விழுந்தவர்களைப் பிடிக்க. பெரிய பாய்ச்சல் வந்தால் கைடு படகைக் கரையில் கட்டிவிட்டு, பாறை மேல் ஏறி நின்று வழி பார்ப்பார். தண்ணீர் பாறையைத் தாண்டி விழும் இடத்தில் அடியில் ஒரு சுழி உருவாகும். மேல்தண்ணீர் பின்னோக்கி உருளும். அதில் படகு சிக்கினால் வெளியே விடாது. எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நடு ஆற்றில் யோசிக்க நேரம் கிடையாது. போக வேண்டாம் என்று கைடு சொன்னால் நடந்துதான் போக வேண்டும், வாதம் கிடையாது.

ராத்திரி வெள்ளை மணலில் கூடாரம். வெள்ளத்தில் ஒதுங்கிய கட்டைகளை எரித்துக் குளிர்காய்வார்கள். தலைக்கு மேலே ஆதி மக்களின் மூங்கில், பிரம்புத் தொங்குபாலங்கள். பாங்கினில் சியோம் நதி வந்து சேரும். அதற்கப்புறம் மலை மெல்ல விலகி, பாசிகாட் வரும்.

பாசிகாட்டுக்கு மேலே அரை நாள் நானும் படகில் உட்கார்ந்தேன். நீச்சல் தெரியாதவர்களை ஏற்றும் அமைதியான பகுதி அது. பச்சைத் தண்ணீர், அடி தெரியவில்லை. ஒரு சின்னக் கட்டை எங்களை முந்திக்கொண்டு போனது. துடுப்பு போடாமல், கைடு இல்லாமல், சுழியில் முங்கி, எழுந்து, போய்க்கொண்டே இருந்தது. நதியில் முதல் பயணம் யாருடையது என்ற கேள்விக்கு அன்று எனக்குப் பதில் கிடைத்தது. 1998-ல் வந்தவர்கள் இறங்கத் துணிந்தார்கள், 2002-ல் வந்தவர்கள் மேல் பள்ளத்தாக்கை ஜெயித்தார்கள். இருவருக்கும் மரியாதை. ஆனால் திபெத்தில் ஏறி, அருணாசலத்தைக் கடந்து, அசாமுக்கு என்று வேண்டுமென்றே புறப்பட்ட முதல் பயணம் 1883-ல் போனது. அனுப்பியவர் பெயர் கிந்தூப்.

இனி

இந்த நதி எப்போதும் சேதி கொண்டுவரும் நதிதான். 2000 ஏப்ரலில் திபெத்தில் யிகாங் என்ற இடத்தில் மலை சரிந்து ஒரு கிளை நதியை அடைத்தது. ஜூனில் அந்த அடைப்பு உடைந்தபோது வெள்ளம் பாசிகாட் வரை வந்து, வழியில் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. மேலே நடந்தது கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்தது. சேதி அனுப்ப ஆள் இல்லாததால் வந்த வினை.

இப்போது அதே வளைவில் சீனா 60,000 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் வேலையை 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. நம் பக்கத்தில் சுமார் 11,000 மெகாவாட் அளவில் மேல் சியாங் திட்டம் பேச்சில் இருக்கிறது. அதற்கான ஆய்வையே ஆதி கிராமத்தார் எதிர்க்கிறார்கள். மேலே அணை வந்தால் கீழே நாமும் கட்டித்தான் ஆக வேண்டும் என்பது ஒரு வாதம். வயலும் வீடும் முங்கிய பிறகு யாருக்காகப் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். இரண்டையும் கேட்டவன் என்ற முறையில், ஏழெட்டு நாள் படகுப் பயணம் இன்னும் எத்தனை சீசனுக்கு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

வடகிழக்கில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர், டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டே இரண்டு மூன்று வருஷத்தைக் கழித்துவிடுகிறோம். அதற்குள் குளிர்காலத்தில் ஒருமுறையாவது குழந்தைகளைப் பாசிகாட்டுக்குக் கூட்டிப் போங்கள். படகில் ஏற முடியாவிட்டால் பரவாயில்லை, கரையில் நிற்கலாம். நைன் சிங், லாம்ப்டன் பெயரெல்லாம் புத்தகத்தில் வந்துவிடும். கிந்தூப் பெயரை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். கேட்பவர் இருக்கிறாரா என்று பார்க்காமல், ஒப்புக்கொண்ட வேலையைச் சொன்ன தேதியில் செய்து முடித்தவர் என்று சொல்லுங்கள். அது போதும்.